கொழுவைக் காணவில்லை

சித்தப்பாவின் ஏழு நோட்டுகளும் ஒருவழியாக இணையத்தில் ஏறிவிட்டன. ஆடிப்பெருக்கு அன்று, 2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தோம். அன்றைக்கு நடந்ததைவிட அதற்கு முந்தைய மூன்று வாரக் கதைதான் எழுதத் தகுந்தது. ஜூலை 10-ம் தேதி வரைக்கும் நான் "எல்லாம் முடிஞ்சாச்சு சித்தப்பா, பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களுக்குத் தளம் கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, அப்படியிருந்தும் அப்படிச் சொன்னேன்.

சித்தப்பா கும்பகோணம் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயலும் உண்டு. வேலையில் இருந்தபோதிலிருந்தே உழவு சம்பந்தமான சொற்களை நோட்டுப் போட்டு எழுதி வைப்பார். மேழி, கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு, பரம்பு, சும்மாடு, அண்டை வெட்டுதல் என்று மூவாயிரத்துச் சொச்சம் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த ஊரில் கேட்டது, அந்த ஊரில் வேறு எப்படிச் சொல்கிறார்கள் என்றெல்லாம் குறிப்பு இருக்கும். பதருக்கும் கருக்காய்க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே முக்கால் பக்கம் (பதரில் ஒன்றும் இருக்காது, கருக்காயில் அரைகுறையாகப் பால் பிடித்திருக்கும், மாட்டுக்கும் கோழிக்கும் அதுதான் போகும்). முதல் ஐந்து நோட்டுகளை ரொம்ப வருடத்துக்கு முன்பே ஒரு டிடிபி கடையில் கொடுத்து பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். மீதி இரண்டையும் சித்தியின் தங்கை மகள் போனிலேயே அடித்துக் கொடுத்தாள். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொட்டியதில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். சனிக்கிழமை காலை காபி முடிந்ததும் லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து, "நீங்களே தேடிப் பாருங்க" என்றேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'கொழு' என்று அடித்தார். நீங்கள் தேடிய சொல் இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே, "அதுதாம்மா நான் முதல் நோட்டுல முதல் பக்கத்துல எழுதின வார்த்தை" என்றார்.

பட்டியலில் போய்ப் பார்த்தால் கொழு இருக்கிறது. கலப்பையின் முனையில் மாட்டும் இரும்பு என்று பொருளோடு இருக்கிறது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. தேடினால் மட்டும் கிடையாது.

விஷயம் இதுதான். ஒருங்குறியில் (யூனிகோடு, கணினியும் போனும் இப்போது எழுத்துகளைச் சேமிக்கும் முறை) 'ொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனியாகக் கால் தனியாக என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'தான். பாமினியில் அடிக்கிறவர் கொம்பைப் போட்டு, எழுத்தைப் போட்டு, காலைப் போடுவார், கையால் எழுதுகிற வரிசையிலேயே. பாமினியை ஒருங்குறியாக்க நான் அவசரத்தில் பயன்படுத்திய மாற்றி கொம்பை மட்டும் எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டுவிட்டது. போனில் அடித்தால் வருவதோ ஒரே குறி. ஆக சித்தப்பா தேடிய கொழுவும் டேட்டாபேஸில் இருந்த கொழுவும் கணினிக்கு வேறு வேறு சொற்கள். இதற்கு மருந்து எப்போதோ இருக்கிறது, என்எஃப்சி என்று பெயர், இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்கிவிடும். சேமித்து வைத்ததற்கும் போட வேண்டும், தேடுபெட்டியில் வருவதற்கும் போட வேண்டும். ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைத்தான் நான் போடவில்லை, ஏனென்றால் சோதிக்கும்போதெல்லாம் 'வரப்பு' என்றே தேடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருட அனுபவம்!

'ௌ' இன்னும் மோசம். டிடிபி கடையில் ஒற்றைக்கொம்பையும் 'ள'வையும் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். அதனால் கௌதாரி எல்லாம் 'கெளதாரி' ஆகியிருந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இதை என்எஃப்சி தொடாது, அதற்கு 'ள' என்பது வேறு எழுத்து, அவ்வளவுதான். சரி, கொம்பும் 'ள'வும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன், நல்லவேளையாக முதலில் ஒரு நகலில்தான் செய்தேன். கெளுத்தி மீன் உடைந்துவிட்டது. அதில் இருப்பது நிஜமான 'ளு'. அப்புறம் என்ன, சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினோம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகப் போடுவதற்கென்று 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் தொடக்கத்தில் டிஸ்கி என்கிற பழைய குறியீட்டில் போட்ட நூல்களைப் பிற்பாடு ஒருங்குறிக்கு மாற்றினார்கள், அத்தனை இலக்கியத்தையும். எத்தனை கெளுத்திகளைப் பிடித்தார்களோ.

சித்தப்பாவுக்குத் திரையில் படித்தால் திருப்தி வராது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ககர வரிசையை மட்டும் பிரிண்ட் எடுத்து வந்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "ஏம்மா, கமலைக்கு முன்னாடி கன்று எப்படி வரும்? கழனிக்கு முன்னாடி களம் எப்படி வரும்? ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குத் தெரியுமே." கணினி எழுத்துகளை அவற்றின் எண்களைக் கொண்டு அடுக்குகிறது, அந்த எண் வரிசையில் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, 'ற' 'ர'வுக்குப் பக்கத்தில், 'ழ'வுக்கு முன்னால் 'ள', எல்லாவற்றுக்கும் கடைசியில் 'வ'. ய ர ல வ ழ ள ற ன என்று நாம் பாடிப் படித்த வரிசை அதற்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பார்த்தால் தப்பே தெரியாது, நம் சொற்கள் ழ, ள, ற, ன-வில் தொடங்குவதில்லை அல்லவா, அதனால்தான் என் கண்ணிலும் படவில்லை. அடுக்கும்போது மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் சரியான அகரவரிசையில் அடுக்கும் வசதி இப்போது எல்லா பிரௌசரிலும் இருக்கிறது. சொன்னேன், அடுக்கியது. அகராதி போடுகிறவர் யாராக இருந்தாலும் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள், வாத்தியார் வீட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் என்னைத் திருத்தியது சித்தியின் போன். ஆறு வருடத்துப் போன், ஓரத்தில் கண்ணாடி விரிசல், எழுத்து அளவை ஆகக் கூடுதலாக வைத்திருக்கிறார். நான் சென்னையில் புதுப் போனில் பார்த்துப் பார்த்து இழைத்த முகப்புப் பக்கம் அதில் திறந்தபோது தலைப்பு இரண்டாக மடிந்து, மெனு தலைப்பின் மேல் ஏறி, 'நாற்றங்காலிலிருந்து' என்கிற ஒரு சொல் திரையை விட்டு வெளியே போய்ப் பக்கத்தையே பக்கவாட்டில் ஆட வைத்தது. ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருக்களில் தமிழைப் போட்டால் இப்படித்தான், நம் சொற்கள் நீளம், வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு இன்னும் நீளும். வரி இடைவெளியும் போதவில்லை, 'கூ'வின் வால் கீழ் வரியின் 'கீ'யின் கொக்கியை இடித்தது.

நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "சும்மாடுன்னு தேடுங்க சித்தி" என்று மட்டும் சொன்னேன். சித்தி கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். பூதக்கண்ணாடிப் படம் மேலே இருக்கிறது, அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் கழித்து, "எங்க தேடுறது?" என்றார். அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு முழு அகலத்துக்கு ஒரு பெட்டி, பக்கத்தில் 'தேடு' என்று எழுத்தில் ஒரு பட்டன் வைத்தேன். அடுத்தது, வாசகர்கள் தங்கள் ஊர்ச் சொல்லை எழுதி அனுப்பும் படிவம். அதன் கீழே 'சமர்ப்பி' என்று இருந்தது. "யாருக்குச் சமர்ப்பிக்கணும், சாமிக்கா?" என்றார் சித்தி. 'அனுப்பு' என்று மாற்றினேன். அலுவலகத்தில் இதற்கெல்லாம் ஆள் வைத்து, அறை பிடித்து, வீடியோ எடுத்து அறிக்கை தயாரிப்போம்.

அதே படிவத்தில்தான் இன்னொன்றும் வெளிப்பட்டது. எதிர்வீட்டு அக்கா ஒரு சொல்லை எழுதி, கடைசியில் வழக்கம்போல இரண்டு கும்பிடு எமோஜி போட்டு அனுப்பினார். பிழை. எமோஜி இல்லாமல் அனுப்பினால் போகிறது. தளத்தின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 (ஒருங்குறி எழுத்துகளை பைட்டுகளாக எழுதி வைக்கும் முறை) என்று பெயர் வைத்திருப்பது முழு யூடிஎஃப்8 கிடையாது, ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரைக்கும்தான் கொள்ளும். தமிழுக்கு மூன்று போதும், கும்பிடு போடும் கைக்கு நான்கு வேண்டும். யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினால் தீர்ந்தது. தமிழ் சரியாகத் தெரிகிறதே என்று விட்டிருந்தால், மரியாதையோடு எழுதுகிற ஒருவருடைய கடிதமும் எங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது. வந்து சேரும் கடிதங்களும் முதலில் ஸ்பேமில்தான் விழுந்தன, டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு, மின்னஞ்சல் நிஜமாகவே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் வைத்த பிறகு சரியாயிற்று, அது ஒரு மாலை நேர வேலை.

படங்கள். மேழி, மரக்கால், பரம்பு எல்லாவற்றையும் சித்தப்பா தன் போனிலேயே எடுத்திருந்தார், நன்றாகவே எடுத்திருந்தார், ஒவ்வொன்றும் 5 எம்பி, 6 எம்பி. முகப்பில் ஆறு படம் என்றால் சித்தியின் போனில் தளம் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். வெப்பி என்கிற, அளவு குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, அகலத்தைக் குறைத்து, ஒவ்வொன்றையும் 100 கேபி பக்கம் கொண்டுவந்தேன். அப்படி மாற்றும்போது தற்செயலாகத்தான் பார்த்தேன், படக் கோப்புகளுக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கிறது. கொல்லைப்புறத்தில் எடுத்த படங்கள். தாத்தா காலத்துப் பித்தளை மரக்கால் இருக்கும் வீட்டுக்கு வாசல் வரைக்கும் வழி சொல்லும் குறிப்பை நானே உலகத்துக்கு விநியோகிக்க இருந்தேன். மொத்தமாகத் துடைத்துவிட்டேன். இதைச் சித்தியிடம் சொல்லவில்லை.

சொல்லுக்கு ஒரு பக்கம் என்பதால் முகவரியிலும் அந்தச் சொல்லையே வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்து பார்த்தால் அழகெல்லாம் போச்சு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரிந்தது. பூட்டாங்கயிறு 13 குறி, ஆக 117 எழுத்து நீளத்துக்கு ஒரு குப்பை. முகவரியில் தமிழ் இருக்க வேண்டும் என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், கொள்கையளவில் நானும் அவர்கள் கட்சிதான், ஆனால் அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தக் குப்பையைப் பார்த்தால் வைரஸ் என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள். எண்ணாக மாற்றிவிட்டேன். பேக்கப் எடுத்து வைத்திருந்ததையும் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், சொற்கள் எல்லாம் வந்தன, படங்கள் ஒன்றுகூட வரவில்லை, அந்தக் கோப்புறையைச் சேர்க்கவே மறந்திருக்கிறேன்.

கூகுள் விஷயத்தில் மட்டும் நான் ஏற்கனவே சூடுபட்ட பூனை. சில வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் தளத்தைத் திறந்து மூன்று வாரமாகியும் கூகுளில் வரவில்லை என்று அவர் போன் மேல் போன் போட, தேடிப் பார்த்தால் சோதனைக் காலத்தில் நானே வைத்த நோ-இண்டெக்ஸ் குறிப்பு (இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்வது) எல்லாப் பக்கத்திலும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு சோதனைத் தளம் என்றால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவது மட்டும்தான். பூட்டைத் திறக்காமல் தளத்தைத் திறக்க முடியாது, அதனால் மறக்கவும் முடியாது. சிலர் தேடுபொறி எங்கெல்லாம் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடை போட்டுவிட்டு, பக்கங்களில் நோ-இண்டெக்ஸும் வைப்பார்கள், ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று. ரோபோட்ஸ் கோப்பு உள்ளே வராதே என்று வாசலிலேயே நிறுத்திவிடுவதால் உள்ளே எழுதி வைத்ததைத் தேடுபொறி படிக்கவே படிக்காது, வேறு எங்காவது இணைப்பு இருந்தால் முகவரியை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

இனி டொமைன். அது ஒரு வருடமாகவே வேறொரு சர்வரைக் காட்டிக்கொண்டிருந்தது, சித்தப்பாவின் பழைய மாணவர் ஒருவர் 'விரைவில்' என்று ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தார். அதை நம் சர்வருக்குத் திருப்ப வேண்டும். "திருப்பினா உடனே வந்துடுமா?" என்று கேட்டார் சித்தப்பா. சிலருக்கு உடனே வரும், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும் என்றேன். "அப்ப மேட்டூர் தொறக்குற மாதிரிதான்." அந்த வருடம் ஜூன் 12-ம் தேதியே திறந்துவிட்டார்கள், ஆனால் திறந்த அன்றைக்கேவா கடைமடைக்குத் தண்ணீர் வந்தது? உவமை பிரமாதம், ஆனால் டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் தண்ணீர் ஓடி வருவதில்லை. வழியில் இருக்கும் குட்டைகளில் பழைய விலாசம் தேங்கிக் கிடக்கும், அது வற்றினால்தான் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எவ்வளவு நேரத்தில் வற்ற வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டிச் சொல்லி வைக்கிறோம், டிடிஎல் என்று ஒரு எண், விநாடிக் கணக்கு. எங்களுடையது 86400, அதாவது ஒரு முழு நாள். அதை 300 ஆக்கிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பிறகு திருப்பினேன், ஐந்து பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் புதுத் தளம். திருப்புகிற அன்றைக்கே 300 ஆக்கினால் பயனில்லை, பழைய 86400-ஐ வாங்கி வைத்திருப்பவர் அது தீரும் வரைக்கும் பழையதையே பார்ப்பார். இதைக் கேட்டுவிட்டு, "முறைப்பாசனம் மாதிரி, முன்னாடியே தண்டோரா போடணும்" என்றார்.

திருப்பியது ஜூலை 27-லேயே. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்பு. யாருக்கும் அறிவிக்கவில்லை, சொந்தத்தில் பதினோரு பேருக்கு மட்டும் சொன்னோம். ஊரைக் கூட்டி மேளம் கொட்டித் திறப்பதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. அமெரிக்காவில் ஹெல்த்கேர்.கவ் என்கிற அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1-ம் தேதி அப்படித்தான் திறந்தது, கூட்டம் தாங்காமல் திணறி, முதல் நாளில் பதிவை முழுசாக முடித்தவர்கள் 6 பேர். எங்களுக்கு அந்தக் கூட்டமெல்லாம் வராது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கும் மாமா. அவர் 'கவலை' என்று தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்ததும் போன் போட்டார். எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம், கிணற்றில் மாடு பூட்டி இறைக்கிற கமலை அவ்வளவாகக் கிடையாது. கொங்குப் பக்கம் அதைக் கவலை என்பார்கள். சித்தப்பாவின் குறிப்பில் அது இருந்தது, கமலைக்கான விளக்கத்துக்குள்ளே. தேடல் தலைச்சொல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டது. விளக்கத்துக்குள்ளும் பார்க்கும்படி அன்றிரவே மாற்றினேன்.

ஆகஸ்ட் 3 அன்று ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்து, சித்ரான்னமெல்லாம் சாப்பிட்டு முடித்து, பதினோரு மணிக்குச் சித்தப்பா தன் கையால் வாட்ஸ்அப்பில் இணைப்பைப் போட்டார். நாற்பது பேர் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழு. போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது கட்டைவிரல், இரண்டாவது கட்டைவிரல், மூன்றாவதாக ஒருவர், 'ஐயா, கருக்காய் விளக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை.' சித்தப்பாவுக்கு முகம் அப்படி மலர்ந்தது.

இப்போது தேடிக் கிடைக்காத சொற்களையெல்லாம் தளம் தனியாகக் குறித்து வைக்கிறது. தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் வரும், நான் அந்தப் பட்டியலைப் படித்துக்காட்ட வேண்டும், எட்டாவது நோட்டில் எழுதிக்கொள்கிறார். நேற்று 'டிராக்டர்' இருந்தது, ஏழு பேர் தேடியிருக்கிறார்கள். நீண்ட நேரம் சத்தமே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.